புதுடில்லியில் சீனத் தூதுவர்கள்: நிரம்பிய ஆசனமும் வெறுமையான ஆசனமும்

இரு நாடுகளுக்கு இடையிலான உறவின் தன்மையை அறிந்து கொள்வதற்குத் தலைவர்களின் உரைகளையும் கூட்டறிக்கைகளையும் படிப்பது வழக்கம். ஆனால், அவற்றை விடவும் நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு நாட்டின் தலைநகரில் மற்றைய நாட்டின் தூதுவர் இருக்கின்றாரா, இருப்பின் அவர் எத்தகையவர், இல்லையாயின் எவ்வளவு காலமாக இல்லை என்பதே அந்த அளவுகோலாகும். இந்தியாவும் சீனாவும் இராஜதந்திர உறவுகளை ஏற்படுத்திக் கொண்டு முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இக்காலப்பகுதியில் புதுடில்லியிலுள்ள சீனத் தூதுவரின் ஆசனம் ஒருமுறை ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகளும் மற்றொரு முறை பதினெட்டு மாதங்களும் வெறுமையாக இருந்தது. அந்த ஆசனத்தின் வரலாறு ஆசியாவின் இரு பெரும் வல்லரசுகளின் உறவு வரலாற்றின் சுருக்கமாகவே அமைந்திருக்கின்றது. இவ்விரு நாடுகளினதும் நிழல் ஒருசேர விழுகின்ற இலங்கை போன்ற சிறிய நாடுகளுக்கு இந்த வரலாறு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு முன்னர்

புதுடில்லிக்கு வந்த முதலாவது சீனத் தூதுவர் மக்கள் சீனக் குடியரசின் பிரதிநிதி அல்லர். சியாங் கை ஷேக்கின் தலைமையிலான கோமிந்தாங் அரசு, இந்தியா சுதந்திரம் பெறவிருந்த 1947 ஆம் ஆண்டில் லுவோ ஜியாலுன் என்பவரைத் தூதுவராக நியமித்தது. அவர் தொழில்முறை இராஜதந்திரி அல்லர், வரலாற்றறிஞர். 1919 ஆம் ஆண்டின் மே நான்கு இயக்கத்தின் மாணவர் தலைவர்களுள் ஒருவராக விளங்கிப் பின்னர் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் பணியாற்றியவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942 பெப்ரவரியில் சியாங் கை ஷேக் இந்தியாவுக்கு விஜயம் செய்து காந்தியையும் நேருவையும் சந்தித்ததன் தொடர்ச்சியாகவே இந்நியமனத்தை நோக்க வேண்டும். இந்தியாவின் சார்பில் கே.பி.எஸ். மேனன் சீனாவுக்கான முதலாவது தூதுவரானார். அவருக்குப் பின்னர் 1948 இல் வரலாற்றறிஞரான கே.எம். பணிக்கர் சென்றார். இரு பழம்பெரும் நாகரிகங்களும் ஒருவரிடம் மற்றவர் கல்விமான்களைத் தூதனுப்பிய காலம் அது.

அக்காலம் நீடிக்கவில்லை. 1949 ஒக்டோபர் முதலாம் திகதி மாவோ சேதுங் மக்கள் குடியரசைப் பிரகடனம் செய்தார். அவ்வாண்டு டிசெம்பர் 30 ஆம் திகதி இந்தியா புதிய அரசை அங்கீகரித்தது. 1950 ஏப்ரல் முதலாம் திகதி இராஜதந்திர உறவுகள் ஏற்படுத்தப்பட்டன. சோஷலிச முகாமுக்கு வெளியேயிருந்து மக்கள் சீனத்துடன் இராஜதந்திர உறவை ஏற்படுத்திய முதலாவது நாடு இந்தியாவேயாகும். கோமிந்தாங் அரசின் தூதுவர் தமது பணியை முடித்துக் கொண்டு வெளியேற, புதிய சீனாவின் பிரதிநிதிக்கு வழி திறக்கப்பட்டது.

இராணுவ சீருடையிலிருந்து இராஜதந்திர உடைக்கு

புதிய சீனாவிடம் அனுபவம் வாய்ந்த இராஜதந்திரிகள் இருக்கவில்லை. பழைய அரசின் தூதுவர்களைப் பயன்படுத்த பீஜிங் விரும்பவில்லை. எனவே, பிரதமரும் வெளிவிவகார அமைச்சருமான சூ என்லாய் யுத்தகளத்திலிருந்து வந்த தளபதிகளையே தூதுவர்களாகத் தெரிவு செய்தார். அந்நிய மொழி தெரியாத அவர்களுக்கு உணவு மேசை ஒழுங்கு முதல் சர்வதேசச் சட்டம் வரை அவசர அவசரமாகக் கற்பிக்கப்பட்டன. நற்சான்றுப் பத்திரங்கள் எவ்வாறு கையளிக்கப்படுகின்றன என்பதை அறிவதற்காக, வெளிநாட்டுத் தூதுவர் ஒருவர் மாவோவிடம் பத்திரத்தைக் கையளித்த நிகழ்வை இத்தளபதிகள் மறைவிலிருந்து பார்த்தனர் என்பது சீன இராஜதந்திர வரலாற்றில் பலரும் எடுத்துரைக்கும் செய்தியாகும். தளபதிகளைத் தூதுவர்களாக்குவதில் ஒரு நன்மை உண்டு, அவர்கள் நாட்டை விட்டு ஓடிப்போக மாட்டார்கள் என்று மாவோ கூறியதாகவும் சொல்லப்படுகின்றது.

இத்தளபதிகளில் ஒருவரான யுவான் சொங்சியான் 1950 செப்டெம்பரில் புதுடில்லிக்கு வந்து சேர்ந்தார். ஹுனான் மாகாணத்தைச் சேர்ந்த அவர் நெடும் பயணத்தில் பங்குபற்றியவர். 1949 ஏப்ரலில் யாங்சி நதியில் பிரித்தானியாவின் அமெதிஸ்ட் என்ற போர்க்கப்பல் சீன பீரங்கிகளின் தாக்குதலுக்குள்ளாகி மாதக்கணக்கில் சிக்கியிருந்த போது அப்பகுதியின் தளபதியாக இருந்தவரும் அவரே. அயலிலுள்ள பாகிஸ்தானுக்கும் ஹான் நியன்லொங் என்ற மற்றொரு தளபதியே முதலாவது தூதுவராக அனுப்பப்பட்டார்.

யுவானின் முதலாவது பெரும் பணி இந்தியா பற்றியதாக அல்லாமல் திபெத் பற்றியதாக அமைந்தமை கவனத்திற்குரியது. அப்போது திபெத்திய அரசின் தூதுக்குழு ஒன்று டில்லியில் தங்கியிருந்தது. 1950 செப்டெம்பரில் அக்குழுவைச் சந்தித்த யுவான், திபெத் சீனாவின் ஒரு பகுதி என ஏற்க வேண்டும், பாதுகாப்புப் பொறுப்பு சீனாவிடம் இருக்க வேண்டும், வெளிநாட்டுத் தொடர்புகளும் வர்த்தகமும் சீனாவின் ஊடாகவே நடைபெற வேண்டும் என்ற மூன்று அம்சங்களை முன்வைத்தார். பதில் வருவதற்கு முன்பே, ஒக்டோபரில் சீன இராணுவம் கிழக்குத் திபெத்தின் சாம்டோ பகுதிக்குள் நுழைந்தது. இந்தியா தனது கவலையை வெளியிட்டுக் குறிப்புகளை அனுப்ப, பீஜிங் அவற்றைக் கடுமையாக நிராகரித்தது. நட்புறவின் தொடக்க நாட்களிலேயே பிற்காலப் பிணக்கின் வித்தும் அருகருகே விழுந்திருந்தது.

எனினும், 1950 களின் நடுப்பகுதி வரை நட்பின் குரலே உரத்து ஒலித்தது. 1954 ஏப்ரல் 29 ஆம் திகதி திபெத்துடனான வர்த்தகம், போக்குவரத்துத் தொடர்பான உடன்படிக்கை பீஜிங்கில் கைச்சாத்தானது. இந்தியாவின் சார்பில் தூதுவர் என். ராகவன் ஒப்பமிட்டார். பஞ்சசீலம் எனப்படும் ஐந்து கோட்பாடுகள் இவ்வுடன்படிக்கையின் முகவுரையிலேயே முதன்முதலாக இடம்பெற்றன. அவ்வாண்டு ஜூனில் சூ என்லாய் டில்லிக்கும் ஒக்டோபரில் நேரு பீஜிங்கிற்கும் சென்றனர். டில்லியின் தூதரகப் பகுதியில் ஒரு வீதிக்கு இன்றும் பஞ்சசீலத்தின் பெயர் இருக்கின்றது.

டில்லித் தூதுவரின் பணி இந்தியாவோடு மட்டும் நின்றுவிடவில்லை. 1955 ஓகஸ்ட் முதலாம் திகதி காத்மண்டுவில் நேபாளத்துடன் இராஜதந்திர உறவை ஏற்படுத்தும் கூட்டறிக்கையில் சீனாவின் சார்பில் ஒப்பமிட்டவர் யுவானே. 1960 வரை டில்லியிலிருந்த சீனத் தூதுவரே நேபாளத்திற்கும் தூதுவராகக் கருதப்பட்டார். இமயத்தின் தென்புறத்தை பீஜிங் டில்லியின் ஊடாகவே பார்த்த காலம் அது. 1960 இல் காத்மண்டுவில் தனியான தூதரகம் திறக்கப்பட்டமை அப்பார்வை மாறிவிட்டதன் அடையாளமாகும்.

செவிமடுக்கப்படாத ஓர் எச்சரிக்கை

1956 இல் யுவான் நாடு திரும்பினார். மறு ஆண்டே காலமானார். அவரது இடத்திற்கு, வடகொரியாவில் தூதுவராகப் பணியாற்றிய பான் சிலி வந்தார். அவரது ஆறு ஆண்டு காலம் இரு நாட்டு உறவு உச்சியிலிருந்து பாதாளத்திற்குச் சரிந்த காலமாகும். அக்சாய் சின் ஊடாகச் சீனா அமைத்த நெடுஞ்சாலை 1957 இல் நிறைவுற்றது. 1959 மார்ச்சில் திபெத்தில் கிளர்ச்சி வெடித்து தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்தார். அவ்வாண்டு ஓகஸ்டில் லோங்ஜுவிலும் ஒக்டோபரில் கொங்கா கணவாயிலும் இரத்தம் சிந்தப்பட்டது.

இச்சம்பவங்களுக்கு முன்னதாக, 1959 மே 16 ஆம் திகதி பான் சிலி இந்திய வெளிவிவகாரச் செயலாளர் சுபிமால் தத்தைச் சந்தித்து ஓர் அறிக்கையை வாசித்தார். இராஜதந்திர மொழியின் வழமையான மூடுதிரைகள் எவையுமின்றி அவ்வறிக்கை பேசியது. சீனாவின் பிரதான எதிரி கிழக்கிலுள்ள அமெரிக்காவே. மேற்கில் இந்தியாவையும் பகைத்துக் கொள்ளும் மடமை சீனாவுக்கு இல்லை. அதேபோன்று இந்தியாவினாலும் இரு முனைகளில் பகைமையைச் சமாளிக்க முடியாது, இதுபற்றி இந்திய நண்பர்கள் சிந்திக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இந்தியாவின் இரண்டாவது முனை எதுவென்பதைச் சொல்லாமலே எவரும் புரிந்து கொள்வர். அவ்வறிக்கையின் இறுதிப் பகுதியை மாவோவே எழுதிச் சேர்த்தார் என்பது பிற்காலத்தில் சீனாவில் வெளியான ஆவணங்களிலிருந்து தெரிய வந்தது.

இந்தியா அதனை மரியாதைக் குறைவான மொழியில் அமைந்த அறிக்கையாகவே கருதிப் பதிலளித்தது. மொழி கடுமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதனுள் ஓர் எச்சரிக்கையும் ஓர் அழைப்பும் சேர்ந்தே இருந்தன. ஒரு தூதுவர் வாசிக்கும் தாளுக்குப் பின்னால் எவரது கை இருக்கின்றது என்பதைக் கண்டறிவது அதனைப் பெற்றுக் கொள்ளும் தரப்பின் பொறுப்பு. அன்று சொற்களின் தொனிக்குப் பதில் கொடுக்கப்பட்ட அளவுக்கு, சொன்னவர் யார் என்ற வினாவுக்கு விடை தேடப்படவில்லை. இதற்கு இந்தியாவை மட்டும் குறை கூறுவதும் நியாயமாகாது. நண்பன் என்று அழைத்துக் கொண்டே மிரட்டல் விடுக்கும் தூதுச் செய்தி, நட்பையும் உணர்த்தாது, எச்சரிக்கையையும் தெளிவாகச் சொல்லாது. 1960 ஏப்ரலில் சூ என்லாய் டில்லிக்கு வந்து நடத்திய பேச்சுவார்த்தைகளும் பயனளிக்கவில்லை.

ஆசனம் வெறுமையான போது

1961 ஜூலையில் இந்தியத் தூதுவர் ஜி. பார்த்தசாரதி பீஜிங்கிலிருந்து திரும்பினார். அவரது இடத்திற்கு எவரும் அனுப்பப்படவில்லை. ஓராண்டின் பின்னர், 1962 ஜூலையில் பான் சிலியும் டில்லியிலிருந்து வெளியேறி மொஸ்கோவுக்குத் தூதுவரானார். அவ்வாண்டு ஒக்டோபர் 20 ஆம் திகதி யுத்தம் வெடித்த போது இரு தலைநகரங்களிலும் தூதுவர்கள் இல்லை. தூதுவர்கள் இருந்திருந்தால் யுத்தம் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று கூறுவதற்கில்லை. ஆனால், பேச வேண்டிய வேளையில் பேசுவதற்குரிய அந்தஸ்துள்ளவர்கள் இரு புறத்திலும் இருக்கவில்லை என்பது உண்மை.

இவ்விடத்தில் தூதுவருக்கும் தூதரகப் பொறுப்பாளருக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குவது அவசியம். 1961 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் பிரகாரம் தூதுவர் என்பவர் ஒரு நாட்டுத் தலைவரினால் மற்றைய நாட்டுத் தலைவரிடம் அனுப்பப்படுபவர். அவர் நற்சான்றுப் பத்திரத்தை அரச தலைவரிடமே கையளிக்கின்றார். பொறுப்பாளர் தரத்திலுள்ளவர் வெளிவிவகார அமைச்சு மட்டத்திலேயே ஏற்றுக் கொள்ளப்படுபவர். தூதரகக் கட்டடமும் கொடியும் ஊழியர்களும் மாறுவதில்லை. ஆனால், கதவுகள் மாறுகின்றன. பிரதமரின் அலுவலகக் கதவு தூதுவருக்குத் திறப்பது போன்று பொறுப்பாளருக்குத் திறப்பதில்லை. உறவை முறித்துக் கொள்ளாமல் அதிருப்தியை வெளிப்படுத்த விரும்பும் அரசுகள் இவ்வழியையே நாடுகின்றன. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தாய்வானுக்கு விற்பதற்கு நெதர்லாந்து இணங்கிய போது 1981 இல் சீனா அந்நாட்டுடனான உறவைப் பொறுப்பாளர் மட்டத்திற்குத் தாழ்த்தியது. 2021 இல் லித்துவேனியாவுக்கும் அதுவே நேர்ந்தது.

1962 யுத்தத்தின் போதும் இந்தியாவும் சீனாவும் இராஜதந்திர உறவுகளைத் துண்டித்துக் கொள்ளவில்லை என்பது பலரும் மறந்துவிடும் விடயமாகும். ஆனால், அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த சீனத் துணைத் தூதரகங்களும் லாசாவிலும் ஷாங்காயிலும் இருந்த இந்தியத் துணைத் தூதரகங்களும் மூடப்பட்டன. இதன் விலையைச் செலுத்தியவர்கள் சாதாரண மக்கள். இந்தியாவில் தலைமுறைகளாக வாழ்ந்து வந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். 1963 இல் சீனா அனுப்பிய கப்பல்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து அவர்களில் 2,000 இற்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றன. அவர்களில் பலர் சீனாவை அதற்கு முன்னர் கண்டதே இல்லை.

தூதுவர்கள் இல்லாத அந்த இடைவெளியில் கொழும்பு முன்வந்தது. 1962 டிசெம்பர் 10 முதல் 12 வரை ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் கூட்டிய மாநாட்டில் இலங்கை, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, எகிப்து, கானா ஆகிய ஆறு அணிசேரா நாடுகள் கலந்து கொண்டன. மாநாட்டின் யோசனைகளை எடுத்துக் கொண்டு 1963 ஜனவரியில் அம்மையார் பீஜிங்கிற்கும் டில்லிக்கும் நேரில் சென்றார். இந்தியா அவற்றை முழுமையாக ஏற்றுக் கொண்டது. சீனா கொள்கையளவில் ஏற்றுக் கொண்டு நிபந்தனைகளை விதித்தது. முயற்சி வெற்றி பெறவில்லையாயினும், இரு பெரிய நாடுகளின் நேரடிக் கதவுகள் அடைபட்ட வேளையில் ஒரு சிறிய நாடு செய்தி காவிச் சென்ற வரலாறு இலங்கைக்கு உண்டு.

முற்றுகையும் புன்னகையும்

கலாசாரப் புரட்சிக் காலத்தில் சீனா தனது தூதுவர்களில் ஏறக்குறைய அனைவரையும் திருப்பி அழைத்தது. கெய்ரோவிலிருந்த ஹுவாங் ஹுவா மாத்திரமே எஞ்சியிருந்தார். 1967 ஜூனில் பீஜிங்கின் புறநகரில் கோயில் ஒன்றைப் பார்க்கச் சென்ற இரு இந்திய இராஜதந்திரிகள் உளவு பார்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் விசாரிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். இந்தியா பதிலுக்கு டில்லியிலிருந்த சீனத் தூதரக அதிகாரிகள் இருவரை வெளியேற்றியது. ஜூன் 16 ஆம் திகதி டில்லியில் கூட்டமொன்று சீனத் தூதரகத்தினுள் புகுந்து ஊழியர்களைத் தாக்கியது. பீஜிங்கில் இந்தியத் தூதரகத்தைச் செங்காவலர்கள் முற்றுகையிட்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் நாது லா கணவாயில் பீரங்கிகள் முழங்கின. தூதரகங்களே யுத்தமுனைகளாக மாறிய காலம் அது.

மூன்றாண்டுகளின் பின்னர், 1970 மே தினக் கொண்டாட்டத்தின் போது தியனன்மென் வாயிலில் இந்தியப் பொறுப்பாளர் பிரஜேஷ் மிஸ்ராவிடம் மாவோ புன்னகையுடன் கைகுலுக்கி, இரு நாடுகளும் என்றென்றும் சண்டையிட்டுக் கொண்டிருக்க முடியாது என்ற கருத்துப்படப் பேசினார். அப்புன்னகை தூதுவராக உருமாறுவதற்கு மேலும் ஆறு ஆண்டுகள் எடுத்தன. 1971 இன் பங்களாதேஷ் யுத்தமும் இந்திய - சோவியத் உடன்படிக்கையும் இடையில் குறுக்கிட்டன. 1976 இல் இந்திரா காந்தி அரசு, பின்னாளில் இந்தியாவின் ஜனாதிபதியான கே.ஆர். நாராயணனை பீஜிங்கிற்குத் தூதுவராக அனுப்பியது. அதே ஆண்டில் சென் சாவோயுவான் டில்லிக்கு வந்தார். எல்லைப் பிரச்சினையில் ஓர் அங்குலம் கூட நகராத நிலையிலேயே இது நடந்தது. பிரச்சினை தீர்ந்த பின்னர் தூதுவரை அனுப்புவதல்ல, பிரச்சினையைப் பேசுவதற்காகவே தூதுவரை அனுப்புவது என்ற எளிய உண்மையை ஏற்றுக் கொள்ள இரு நாடுகளுக்கும் பதினான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன.

1980 இல் தூதுவராக வந்தவர் ஷென் ஜியான். உள்நாட்டு யுத்த காலத்தில் கோமிந்தாங் தளபதி ஹு சொங்னானின் முகாமினுள் கம்யூனிஸ்ட் கட்சிக்காக இரகசியப் பணியாற்றிய மூவரில் ஒருவர் அவர். கியூபாவுக்கான சீனாவின் முதலாவது தூதுவராகவும் இருந்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, 1950 இல் டில்லியில் சீனத் தூதரகத்தைத் திறப்பதற்காக முதலில் வந்து சேர்ந்த அதிகாரியும் அவரே. முப்பது ஆண்டுகளின் பின்னர் அதே நகரத்திற்கு அவரை அனுப்பியமை பழைய நட்பின் நினைவை மீட்டும் முயற்சியாகவே தோன்றியது. 1981 ஜூனில் வெளிவிவகார அமைச்சர் ஹுவாங் ஹுவா டில்லிக்கு வர, அவ்வாண்டு டிசெம்பரில் எல்லைப் பேச்சுவார்த்தைகள் ஆரம்பமாகின.

1988 டிசெம்பரில் ராஜீவ் காந்தி மேற்கொண்ட பீஜிங் பயணத்தின் பின்னர் உறவு புதிய கட்டத்தில் பிரவேசித்தது. 1990 களில் வந்த தூதுவர்கள் தளபதிகளோ புரட்சியாளர்களோ அல்லர். பயிற்றப்பட்ட தொழில்முறை இராஜதந்திரிகள். பர்மிய மொழிபெயர்ப்பாளராகத் தொழிலை ஆரம்பித்து பர்மாவில் தூதுவராக இருந்த பின் டில்லிக்கு வந்த செங் ருய்ஷெங் இதற்கு நல்ல உதாரணம். அவரது காலத்திலேயே, 1993 செப்டெம்பரில், எல்லையில் அமைதியைப் பேணும் உடன்படிக்கை கைச்சாத்தானது. பம்பாயிலும் ஷாங்காயிலும் துணைத் தூதரகங்கள் 1992 இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1998 மே மாதத்தில் இந்தியா அணுகுண்டுப் பரிசோதனை நடத்தி அதற்குச் சீனாவையும் காரணமாகக் காட்டிய போது உறவு மீண்டும் கசந்தது. ஆயினும், இம்முறை தூதுவர் திருப்பி அழைக்கப்படவில்லை. முன்னதாக பாகிஸ்தானில் பணியாற்றியிருந்த சௌ காங் டில்லியில் 2001 வரை இருந்து நிலைமையைச் சீர்செய்வதில் பங்கெடுத்தார். 1962 இன் பாடம் ஓரளவுக்கேனும் கற்றுக் கொள்ளப்பட்டிருந்தது.

தூதுவரின் வாயும் தலைநகரின் குரலும்

தூதுவர் எவ்வளவு பேச வேண்டும் என்ற வினாவுக்கு டில்லியில் இரு சம்பவங்கள் விடை தந்தன. 2006 நவம்பரில் ஜனாதிபதி ஹு ஜிந்தாவோ இந்தியாவுக்கு வருவதற்குச் சில நாட்களே இருந்த வேளையில், தூதுவர் சுன் யூசி தொலைக்காட்சிச் செவ்வி ஒன்றில் அருணாசலப் பிரதேசம் முழுவதும் சீனாவுக்கே உரியது என்றார். அது பீஜிங்கின் நீண்டகால நிலைப்பாடே அன்றிப் புதியதல்ல. எனினும், விருந்தாளி வாசலுக்கு வரும் வேளையில் கூறப்பட்டமையால் பெரும் சர்ச்சை எழுந்தது. வெளிவிவகார அமைச்சர் பிரணாப் முகர்ஜி அருணாசலப் பிரதேசம் இந்தியாவின் பிரிக்க முடியாத பகுதி எனப் பதிலளிக்க நேர்ந்தது. இதற்கு மாறாக, 2017 மே மாதத்தில் தூதுவர் லுவோ சாவோஹுய், சீன - பாகிஸ்தான் பொருளாதாரப் பாதையின் பெயரை மாற்றுவது பற்றிச் சிந்திக்கலாம் என இணக்கமாகப் பேசினார். தூதரகம் பின்னர் வெளியிட்ட உரையில் அந்த வசனம் காணப்படவில்லை. கடுமையாகப் பேசுவதற்கும் விட்டுக் கொடுத்துப் பேசுவதற்கும் தூதுவருக்கு உள்ள எல்லை ஒன்றே. அதனை வகுப்பது தலைநகரம்.

மேலும், 2003 இல் வாஜ்பாயின் பீஜிங் பயணத்தின் போது எல்லைப் பிரச்சினைக்கென விசேட பிரதிநிதிகள் நியமிக்கப்பட்டதன் பின்னர் தூதுவரின் பணி ஓரளவு சுருங்கியது. இந்தியாவின் முதலாவது விசேட பிரதிநிதி, 1970 இல் மாவோவின் கரம் பற்றிய அதே பிரஜேஷ் மிஸ்ரா என்பது வரலாற்றின் விநோதம். தொலைபேசியும் உச்சிமாநாடுகளும் பெருகிய காலத்தில் தூதுவர் எதற்கு என்ற கேள்வியும் எழுவதுண்டு. ஆனால், டில்லியில் பணியாற்றித் திரும்பிய லே யூச்செங், லுவோ சாவோஹுய், சுன் வெய்டொங் ஆகிய மூவரும் பின்னர் பிரதி வெளிவிவகார அமைச்சர்களாகினர். பீஜிங் அந்த ஆசனத்தை இலேசாக மதிக்கவில்லை என்பதற்கு இது போதிய சான்றாகும்.

பதினெட்டு மாத மௌனம்

2020 ஜூன் 15 ஆம் திகதி கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் இந்தியப் படையினர் 20 பேர் உயிரிழந்தனர். தனது தரப்பில் நால்வர் உயிரிழந்ததாகச் சீனா பின்னர் அறிவித்தது. 1975 இற்குப் பின்னர் அந்த எல்லையில் உயிர்கள் பலியானது அதுவே முதற்தடவை. அப்போது டில்லியில் சுன் வெய்டொங் தூதுவராக இருந்தார். காணொளி உரைகள் மூலம் இந்திய மக்களை நோக்கி அவர் பேசினார். ஆனால், சீனச் செயலிகளைத் தடை செய்து கொண்டிருந்த ஒரு தேசத்தில் அவ்வார்த்தைகள் எடுபடவில்லை. தூதுவரின் இருப்பு மோதலைத் தடுக்கும் கவசம் அல்ல என்பதை 2020 உணர்த்தியது.

2022 ஒக்டோபரில் சுன் வெய்டொங் நாடு திரும்பினார். அவரது இடத்திற்கு உடனடியாக எவரும் அனுப்பப்படவில்லை. பீஜிங்கில் இந்தியத் தூதுவர் பிரதீப் குமார் ராவத் தொடர்ந்து பணியாற்றிய போதும் டில்லியில் சீனாவின் ஆசனம் வெறுமையாகவே இருந்தது. 1976 இற்குப் பின்னர் இவ்வளவு நீண்ட இடைவெளி ஏற்பட்டதில்லை. 2024 மே மாதத்தில் ஷு பெய்ஹொங் டில்லிக்கு வந்து பொறுப்பேற்றார். ஆப்கானிஸ்தானிலும் ருமேனியாவிலும் தூதுவராக இருந்தவர் அவர். ஐந்து மாதங்களின் பின்னர், ஒக்டோபர் 21 ஆம் திகதி, எல்லை ரோந்து தொடர்பாக இணக்கம் காணப்பட்டதாக இந்தியா அறிவித்தது. 23 ஆம் திகதி ரஷ்யாவின் கசான் நகரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தனர். 2025 இல் கைலாச - மானசரோவர் யாத்திரையும் நேரடி விமான சேவைகளும் மீண்டும் ஆரம்பமாகின. தூதுவர் வந்ததால் உறவு சீரடைந்தது என்பதை விட, உறவைச் சீர்செய்யும் முடிவின் முதல் அறிகுறியாகவே தூதுவர் வந்தார் என்று கூறுவதே பொருத்தமாகும். 1976 இலும் அவ்வாறே நிகழ்ந்தது.

இலங்கைக்கு உரிய பாடம்

டில்லியில் அந்த ஆசனம் வெறுமையாவதற்கு இரு மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் நடந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். 2022 ஓகஸ்ட் 16 ஆம் திகதி யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை வந்தடைந்தது. அதனைத் தொடர்ந்து கொழும்பிலுள்ள சீனத் தூதுவர் சி சென்ஹொங், வடக்கிலுள்ள அயல்நாட்டிலிருந்து கடந்த காலத்தில் நடந்த படையெடுப்புகளைச் சுட்டிக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். இந்திய உயர்ஸ்தானிகராலயம் அதற்குப் பகிரங்கமாகக் கடுமையான பதிலை வெளியிட்டது. பொருளாதார நெருக்கடியில் மூழ்கியிருந்த ஒரு நாட்டின் தலைநகரில் இரு வல்லரசுகளின் தூதரகங்கள் வாதாட்டம் புரிந்தன. 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் எவற்றுக்கும் அனுமதி இல்லை என அறிவிக்கும் நிலைக்கு இலங்கை தள்ளப்பட்டது.

டில்லிக்கும் பீஜிங்கிற்கும் இடையில் நேரடியாகப் பேசப்படாதவை, அயலிலுள்ள சிறிய நாடுகளின் துறைமுகங்களிலும் பத்திரிகைப் பக்கங்களிலும் வேறு வடிவில் பேசப்படுகின்றன. ஆகவே, டில்லியில் சீனத் தூதுவரின் ஆசனம் நிரம்பியிருப்பது இலங்கைக்கும் நன்மையானதே. அது நட்புக்கு உத்தரவாதம் அல்ல. பேசுவதற்கு ஒருவர் இருக்கின்றார் என்பதற்கு மாத்திரமே உத்தரவாதம். 1962 இல் அதுவும் இருக்கவில்லை. அன்று இரு தரப்பினரிடையேயும் தூது சென்ற பெருமை கொழும்புக்கு உண்டு. இன்று அதே கொழும்பு இரு தரப்பினரதும் வாக்குவாதத்திற்கு மேடையாகிவிடாமல் இருக்க வேண்டுமாயின், எந்தத் தலைநகரில் எந்த ஆசனம் ஏன் வெறுமையாக இருக்கின்றது என்பதை எமது வெளிவிவகார அமைச்சு எப்போதும் கவனித்துக் கொண்டே இருக்க வேண்டும்.